ஏழாவது கிண்ணம்

ஐயாயிரம் கேலன் இறக்கிவிட்டு வந்த டேங்கருக்கு
ரேடியேட்டரில் ஊற்ற ஒரு வாளி இல்லை.
இப்ரி தாண்டி நின்றுவிட்டது.
சீரியல் விளக்குகள் தெரிந்த பக்கம்
காலிக் கேனோடு நடந்தேன்.

கல்யாணம்.
யார் நீ என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேனை வாங்கி ஓரமாய் வைத்தவர்
மாப்பிள்ளையின் சிற்றப்பா ஸுலையம் என்று
பிறகுதான் தெரிந்தது.
கிரீஸ் கையைப் பிடித்திழுத்துப்போய்
பாயில் உட்காரவைத்தார்.

ஒரே தாம்பாளம், ஐந்து கைகள்.
எதிரிலிருந்த கை
எலும்பில்லாத துண்டாய்ப் பார்த்துப் பிய்த்து
என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது.
நிமிர்ந்து பார்த்தேன்: சூடான்காரர்.
ஊர் எது என்று கேட்க
எனக்கு மொழி வரவில்லை.

அப்புறம் காவா.
பிடியில்லாத சின்னக் கிண்ணம், மூன்று மிடறு.
குடித்தேன். பையன் ஊற்றினான்.
போதும் என்றேன், ஊற்றினான்.
மலையாளத்தில் சொன்னேன், இந்தியில் சொன்னேன்,
ஊற்றினான்.
ஏழாவதில் பந்தலே சிரித்தது.
சூடான்காரர் தன் கிண்ணத்தை எடுத்து
இடம் வலமாய் மெல்ல ஆட்டிக் காட்டினார்.
ஆட்டினேன்.
பையன் நகர்ந்தான்.

வாள் ஆட்டத்தில் எனக்கும் ஒரு கம்பு கிடைத்தது.
கேன் நிறையத் தண்ணீர்,
மூடிமேல் ஒரு பொட்டலம் அல்வா.

இன்றிரவு ஃபஹூத் சாலையில்
டயர் வெடித்து நிற்கிறான் ஒருவன்.
தம்மர் என்கிறான், நேபாளம்,
வந்து பதினொரு நாள்.
ஜாக்கி போட்டு முடித்து
ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுக்கிறேன்.
குடித்துவிட்டு நீட்டுகிறான்.
ஊற்றுகிறேன்.
திரும்ப நீட்டுகிறான்.

ஆட்ட வேண்டும் என்று
இன்னும் அவனிடம் சொல்லவில்லை.