கேத்தி, பதினோராம் நாள்

கட்டபெட்டு வளைவில் பைக் சரிந்தது ஐப்பசியில்.
போஜனின் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து
அவன் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள்,
கோயம்புத்தூரில்.

இடப்பக்கம் குழி.
உட்கார்ந்தால் உள்வாங்கும், இருமினால் புடைக்கும்.
உறைபனி இரவுகளில் அதன்மேல் என் உள்ளங்கை,
அழுத்தாமல்.

கேரட்டை ‘அது’ என்றான்.
என்னையும் ‘அது’.

சித்திரையில் எலும்பு வீடு திரும்பியது.
‘சிலருக்குத் தெளியும்’ என்றார் டாக்டர்,
மீதியைச் சொல்லாமல்.

பதினோராம் நாள்
கீழே கேரட் கழுவும் மெஷின் ஓடுகையில்
ஜன்னல் பக்கம் தலை திருப்பி
‘பெல்ட் லூசு’ என்றான்.

ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன்.
லூசுதான்.

என் பெயர் இன்னும் வரவில்லை.
கம்பளிக் குல்லாயைத் தானே மாட்டிக்கொள்கிறான்,
தழும்பு தெரியக் கோணலாக.
நான் நிமிர்த்துவதில்லை.