இரண்டாவது தட்டு

புளியம்பட்டியில் வியாழன் சந்தை.
தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் நேரத்தில்
மருந்துக்கடையைத் திறந்து
ஃப்ரிட்ஜின் இரண்டாவது தட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.
கோமாரித் தடுப்பூசி, சத்து ஊசி, வலிக்குப் புதிய மருந்து.
பழையது இல்லை.
அது இருந்த இடத்தில் இப்போது
என் தயிர்ச்சோற்று டப்பா.

எங்கள் பக்கம் காடு என்றால் சோளக்காடு, மஞ்சக்காடு.
அவரு காட்டுக்குப் போயிருக்காருங் என்றால்
தண்ணி கட்டப் போயிருக்கிறார்.
யானை நடக்கும் காட்டுக்கு மலை என்று பேர்,
அரசாங்கம் வந்தபிறகு ரிசர்வ்.
பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து,
கல்லுக்குக் கல் எண்.
கல் முடியும் இடத்தில் சட்டமும் முடிகிறது என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.

மாயாற்றங்கரை நீர்மருதில் கூடு வைக்கும் பாறுக்கு
கல் கணக்கில்லை.
வருசத்துக்கு ஒரே முட்டை.
மேலேயிருந்து அதற்குத் தெரிவது
கிடக்கும் மாடு, அது அசைகிறதா இல்லையா.
தோலுக்குக் கீழே என்ன ஏற்றியிருக்கிறோம் என்பது
எனக்குத் தெரியும். ரசீதுப் புத்தகத்துக்குத் தெரியும்.

பொங்கியண்ணன் வந்தார், பீர்க்கடவிலிருந்து.
"அந்தப் பழைய மருந்தே குடுங்க்கா.
போட்ட அரை மணியில எந்திரிச்சுக்குமுங்."
"தடை பண்ணிட்டாங்கண்ணா."
"கழுகுக்கோசரமா?"
"ஆமாங்."
"என்ற மாடு மொடங்கிக் கெடக்குது.
கழுகு வந்து பால் குடுக்குமுங்ளா?"

சிரித்தேன்.
பதில் இல்லாததால் சிரித்தேன்.
புதிய மருந்து இருபது ரூபாய் கூட.
வாங்கிக்கொண்டு, வாங்கிய கையோடு
எதிர்ச்சாரியில் இன்னொரு கடைப் படியும் ஏறினார்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவரிடம் சொல்லாதது ஒன்று.
தடை வந்த மாதம் என்னிடம் ஆறு குப்பி மீதி.
உடைத்துக் கொட்டவில்லை.
விற்றேன், ரசீது போடாமல்.
அந்தப் பங்குனியில் நீர்மருதுக் கிளையில் ஒரு பறவை
கழுத்தைத் தொங்கவிட்டு நாலு நாள் உட்கார்ந்திருந்து
ஐந்தாம் நாள் விழுந்தது என்று
கணக்கெடுக்கும் மசணன் சொன்னான்.
அறுத்துப் பார்த்தபோது
குடலெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாம்.
சர்பத் குடித்துக்கொண்டே சொன்னான். எனக்கும் ஒன்று வாங்கித் தந்தான்.

என் குப்பியாக இருக்காது.
ஆறும் ஆறு திசைக்குப் போனவை.
இருக்காது
என்பதை
யாரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது.

செவ்வாய் இரவு பொங்கியண்ணன் போன்.
"மாடு போயிருச்சுங்க்கா."
பின்னால் நாய். டார்ச்சை இங்கெ அடி என்று யாரோ.
"பள்ளத்தோரம் போட்டுறலாமா, பொதைக்கோணுமா?
உங்களைக் கேட்டுக்கச் சொல்லிட்டு மசணன் நிக்கறான்.
ஜேசிபிக்காரன் ரண்டாயிரம் கேக்கறானுங்."

போட்டால் பசியாறும்.
போட்டால் சாகும்.
இரண்டும் ஒரே மாடுதான்.

"எந்த ஊசிண்ணா போட்டீங்க?"

மணி ஒன்பது.
வெயில் ஏறிக் காற்று சூடானால்தான் பாறு எழும்பும்,
அதற்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது.
லைன் அறுபடவில்லை.
அவர் மூச்சு கேட்டது,
மசணன் ஏதோ சொல்வது கேட்டது.
தயிர்ச்சோற்று டப்பாவைக் கழுவாமலே
கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.