பனம்பழம் இல்லாத ஊர்

இன்யூவிக்கில் பனை கிடையாது.
காக்கை உண்டு; அண்டங்காக்கை, சேவல் பருமன்.
டிசம்பர் ஒன்பதில், சைபருக்குக் கீழே முப்பத்தெட்டில்,
ஒன்று மின்மாற்றியின்மேல் வந்து குந்தியது.
ஊரில் பாதி இருண்டது.

பேனா உறைந்துவிட்டதால்
பென்சிலால் நிரப்பினேன் படிவத்தை.
திகதி, நேரம், கம்ப எண்.
"காரணம்" என்ற கட்டத்தில் மட்டும் கை நின்றது.

காக்கை குந்தப் பனம்பழம் விழுந்த கதையை
நாங்கள் சிரித்துக்கொண்டுதான் சொல்வோம்.
அந்த ஸ்கொட்லாந்துக்காரன் சிரிக்காமல் கேட்டான்:
காக்கையைக் கண்டீர், பழத்தைக் கண்டீர்,
இரண்டுக்கும் நடுவே கட்டிய கயிற்றைக்
கண்டவர் யார்?
ஆயிரம் தரம் பார்த்த பழக்கத்தைத்தானே
"ஆகவே" என்று அழைக்கிறீர்?

கேட்டுவிட்டு, நண்பர்களோடு சாப்பிடப் போய்விட்டான்.
கேள்வி போகவில்லை.

பால்டிக் கரைத் துறைமுகம் ஒன்றில்
ஊரார் கடிகாரம் திருத்திக்கொள்ளும் ஒழுங்கில்
மாலை நடை போன பேராசிரியர்
அதனால் தூக்கம் கலைந்தார்.
கயிறு வெளியில் இல்லையென்றால்
பார்க்கிற மனமே அதைத் திரித்துக்கொண்டு வருகிறதென்று
பத்தாண்டு வாய் திறவாமல் கிடந்து
தலையணைத் தடிப்பில் எழுதினார்.
மறுக்கத்தான் எழுதினார்.
மறுத்து நின்ற தரை மற்றவனுடையது.

எங்கள் பக்கத்திலும் ஒருவன் இருந்தான், உலகாயதன்,
புகைக்கும் நெருப்புக்கும் இடையில்
வெகுகாலம் முன்பே இதே ஆப்பைச் செருகியவன்.
அவன் ஏடு தொலைந்தது.
எதிரிகள் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய வரிகளில்
பிழைத்துக் கிடக்கிறான்.

பிறகு, காப்புரிமைக் கந்தோரில் ஓர் இளைஞன்,
கூட்டாளிகளோடு ஸ்கொட்லாந்துக்காரனைப் புரட்டியவன்,
எல்லா ஊருக்கும் ஒரே "இப்போது" உண்டென்று
யார் கண்டது என்றான்.
காலம் இளகிற்று.

நில்.
இந்த வரிசையும் ஒரு கயிறுதானோ?
வாசித்தார்; பிறகு நினைத்தார்.
வாசித்ததால் நினைத்தாரா?
எந்தக் கட்டத்தில் போட இதை?

"காக்கை குந்தியது. பிறகு மின்சாரம் போனது"
என்று எழுதி அனுப்பினேன்.
யெலோநைஃபிலிருந்து திரும்பி வந்தது
சிவப்பு வட்டத்தோடு: ஒற்றைச் சொல்லில் தரவும்.

இரவு ஹோட்டல் பாரில்
லியோனா அடித்த வெள்ளைப் பந்து
சிவப்பைத் தொட்டது. சிவப்பு உருண்டது.
"தள்ளியதை நீ பார்த்தாயா?" என்றேன்.
"பந்து குழிக்குள். ஐந்து டொலரை வை" என்றாள்.
சூரியன் போய் நாலு நாள்.
ஜனவரி ஆறில் வருமாம்.
நிச்சயமா?
"அதெல்லாம் தெரியாது. வாணவெடி வாங்கியாயிற்று."

வெளியே, நான் பழுது பார்த்த அதே மின்மாற்றியில்
இன்னொரு காக்கை.
கால்விரல் மரக்கும்வரை நின்று பார்த்தேன்.
விளக்கு அணையவில்லை.
ஆனாலும் கை எப்போதோ போயிருந்தது
பைக்குள், டோர்ச்சைத் தேடி.