மிஸ்டேக்கு யாருது

காசிமேடு திருப்பத்தில்
சாக்பீஸால் டயர்களைச் சுற்றி வரைகிறார் ஏட்டு:
இது என் கார்,
இது தேசம்மாவின் எக்செல்.

கவிழ்ந்த பெட்டியிலிருந்து
சங்கராவோடு சரிந்த ஐஸ்
கோட்டின் மேலேயே உருகுகிறது.

"மிஸ்டேக்கு யாருது?"

பின்னால் கன்டெய்னர் லாரிகள் அலறுகின்றன.
மூன்று நாளாய் மஞ்சளையே மினுக்கும் சிக்னல்
சாட்சிக்கு வராது.

ஹெல்மெட் இல்லை, ஆயிரம்.
மெஷின் அவள் பேரில் சீட்டைத் துப்பியது.
என்னிடம் எல்லாம் இருந்தது:
ஆர்சி, இன்சூரன்ஸ், சீட்பெல்ட்,
தொடையடியில்
இன்னும் வெளிச்சம் அணையாத போன்.

அவள் மீன்களை எண்ணினாள்.
ஒன்று குறைந்தது.
என் பம்பருக்கடியில் கிடந்ததைக்
குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்து
ரசீதை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டே
"டேங்ஸ் சார்" என்றாள்.