இடது பக்கம் சாய்த்து

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி பஸ்
பன்னிரண்டே காலுக்கு என்னை இறக்கிவிடும்.
அங்கிருந்து லிஃப்ட் வரைக்கும் எழுபது அடி.
ஒரு வருஷமாக அந்த எழுபது அடியும் அவர்களுடையது.

ஊஞ்சலில் இருவர், சறுக்கு மரத்தில் ஒருவன்,
மோட்டார் சீட்டில் மல்லாந்து ஒருவன்.
பதினாறு இருக்கும், மிஞ்சினால் பதினேழு.
சாம்சு போத்தல் கைமாறும்.
"அக்கா, ஓவர்டைமா?" என்பான் ஒருவன்.
மற்றவர்கள் சிரிப்பார்கள்.
சாவியை விரல்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு
போனில் யாரிடமோ பேசுவதுபோல் நடப்பேன்.
மறுமுனையில் யாருமில்லை.

மலாயில் என் கையெழுத்து அழகாம்.
புகார்க் கடிதத்தை என் தலையில் கட்டினார்கள்.
ஊய் அங்கிளுக்கு வேனின் பக்கக் கண்ணாடி போயிற்று.
ரொஹானா மக்சிக் சுராவுக்கு இறங்கும் படியில் மூத்திரம்.
மூன்றாம் மாடி கலாவல்லிக்கு, எரித்த குப்பைத் தொட்டியும்
அந்தப் புகையில் மூச்சு முட்டிய பிள்ளையும்.
எல்லாம் உண்மை. எண் போட்டு எழுதினேன்.
என்னுடையதை எழுத வந்தபோது
பேனாவை மூடிவிட்டேன்.
"அக்கா, ஓவர்டைமா?"
இதைக் குற்றமாகத் தெரியும்படி
எந்த மொழியில் எழுதுவது?

வியாழக்கிழமை யாரோ போலீஸைக் கூப்பிட்டார்கள்.
யாரோ என்ன, நான்தான்.
பாலத்து விளக்குகள் தெரிந்ததுமே
பஸ்ஸிலிருந்து கூப்பிட்டேன்.
இறங்கிப் பார்த்தால் மோட்டார்கள் இல்லை.
ரோந்துக் கார் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
ஜெலுத்தோங் சாலையில் ஏறிக்கொண்டிருந்தது.
சறுக்கு மரத்தின் அடியில்
ஒரு செருப்பு.
அப்புறம் ஒரு கால்.

ஏழாம் மாடி யுவநேசன்.
மல்லாந்து கிடந்தான்.
தொண்டைக்குள் கொழகொழவென்று ஒரு சத்தம்,
அடைத்த சிங்க்கில் தண்ணீர் இறங்குவதுபோல.
நிமிர்ந்து பார்த்தேன்.
பதினெட்டு மாடி ஜன்னல்களில்
நாலைந்தில் ஆள் நிழல்.
ஒன்றில் போன் வெளிச்சம்.
படம் எடுக்கிறார்கள்.

ஃபேக்டரியில் முதலுதவி வகுப்பு வைத்திருந்தார்கள்.
முட்டியை மடக்கு, தோளைப் பிடி,
இடது பக்கம் சாய்த்துப் போடு,
வாய் தரையைப் பார்க்கட்டும்.
பொம்மையை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
பொம்மை வாந்தி எடுக்காது.
பொம்மை என் முகத்துக்கு நேரே
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு
அடுத்த மூச்சில் "குளிருதுக்கா" என்னாது.

ஃபேக்டரி ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தினேன்.
ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம்.
அதுவரை அவன் மூச்சை எண்ணினேன்,
ராத்திரி முழுக்க சிப் பார்க்கும் அதே தாளத்தில்:
நல்லது, நல்லது, நல்லது,
தள்ளிவை,
நல்லது.

பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.
செத்துத் தொலைக்காதேடா,
நாளைக்கு உன்னை நான் நிற்கவைத்துத் திட்டணும்
என்றுதான் நினைத்தேன்.
ஆம்புலன்ஸ்காரர் கேட்டார், அம்மாவா?
இல்லை, புகார் கொடுத்தவள்.
அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்.
ஒரு வரியும் அடிக்கவில்லை.
கடைசியில் ஒன்று சேர்த்தேன்:
இரவு வேலை முடிந்து வரும் பெண்கள்
லிஃப்ட் வரைக்கும் பயந்து நடக்கிறார்கள்.
பெண்கள் என்று எழுதினேன்.
நான் என்று எழுதவில்லை.

மைதானத்துக்கு விளக்கு வந்தது. இரண்டாம் வாரமே
கல்லெறிந்து உடைத்தார்கள்.
யார் என்று தெரியாது.

நேற்று லிஃப்டில் அவன்.
பிளாஸ்டிக் பையை நீட்டினான். என் ஜாக்கெட்.
சலவைத்தூளை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்,
ஆனாலும் அடியில் லேசாக அந்த நாற்றம்.
திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம்
தொண்டை வரை வந்து நின்றது.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நான் சொல்வதற்கு முன்னால்
பதினொன்றை அமுக்கினான்.

நான் எந்த மாடி என்று
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
அது நல்லதா,
தள்ளிவைக்க வேண்டியதா,
கதவு திறக்கும்வரை
பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.