சமமான வட்டம்

லாபிஸ் ஆலையில் கொதிகலனுக்குப் பின்னால்
கழிவுச் சகதி போகிற லோங்காங் சதுரம்.
கட்டியவனிடம் மூலைமட்டம் இருந்திருக்கிறது,
அவ்வளவுதான்.

தண்ணீர் என்றால் எப்படியும் போய்விடும்.
இது பாதிக்குமேல் நார், மணல், கொட்டைத் தூள்.
ஒன்றின் தோளை ஒன்று இடித்தபடி
இருட்டில் வருகிற கூட்டம்.

திங்கட்கிழமை பத்துச் செம்பனைப் பழங்களைக்
குறுக்கே வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.
நடுவில் விழுந்த ஏழும்
முந்தாமல் பிந்தாமல்
ஒரே பலகையில் ஆணியடித்ததுபோல் போயின.
சுவரோரத்து இரண்டும் உருண்டு உருண்டு பின்தங்கின.
ஒன்று மூலைக்குள் இறங்கியது.
அதைக் காணவில்லை.

தலைமையகத்திலிருந்து தர்விந்தன் வந்தான்.
அகலம், ஆழம், நனைந்த விளிம்பு.
பெருக்கி வகுத்து ஒரு விட்டம் சொன்னான்.
"இதுக்குச் சமமான வட்டக்குழாய்னு நினைச்சிக்குங்க அக்கா."
"அப்ப மூலை?"
"வட்டத்துக்கு ஏது மூலை?"
சிரித்தான். நல்ல பையன்.
சப்பாத்தில் சகதி படாமல் போனான்.

இன்று மூன்று மணிக்கு
கால்வாய் குறுகுகிற இடத்தில் நின்றுபோனது.
மிசானூர் பம்பைக் கூட்டினான். இறுகியது.
இன்னும் கூட்டினான். கல்.
குத்திய கம்பி கையை உதறிவிட்டுத் திரும்பி வந்தது.
பின்னால் மட்டம் ஏறுகிறது,
வரம்பைத் தொட நான்கு விரல்.

நான் பம்பைப் பாதியாகக் குறைத்தேன்.
"கீலா" என்றான், மரியாதையாகத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.
ரயில் பாதைப் பக்கம் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.
மூன்று விரல்.
கையை ஸ்விட்சிலிருந்து எடுத்துப்
பைக்குள் வைத்துக்கொண்டேன்,
அதற்கு என்மேல் நம்பிக்கை இல்லை.

எப்போது என்று சொல்லத் தெரியவில்லை.
உள்ளே எங்கோ ஒரு மணல்
இன்னொரு மணலை விட்டிருக்க வேண்டும்.
பழுப்பாய் ஒரு கசிவு.
அப்புறம் மொத்தமும்
தொண்டையைச் செருமிக்கொண்டு
போனது.

அறிக்கைத் தாளில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
அதுவும் சதுரம்.
என் எழுத்து நடுவிலேயே போயிற்று,
நான்கு மூலையும் வெள்ளை.

மிசானூர் மண்வெட்டியோடு இறங்கி
மூலையைச் சுரண்டினான்.
நிமிர்ந்து எதையோ நீட்டினான்:
கறுத்து, நாரெல்லாம் ஊறிப்போய்,
திங்கட்கிழமைப் பழம்.