இரண்டு ஐந்து

குடியாத்தம் அரசு மருத்துவமனை, நான்காம் கட்டில்.
வலிப்பு நின்று எட்டு மணி நேரம்.
மெஹருன்னிசாவின் இரண்டு மணி மக்னீசியத்தைச்
சிரிஞ்சில் உறிஞ்சி வைத்திருந்தேன்.
தாளில் இருந்தது: நான்கு மணிக்கொரு முறை.
கீழே டாக்டர் இளவழுதியின் கையெழுத்து,
ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரி.

மூத்திரப் பையைக் காலி செய்ய வந்த தேசம்மா
குனிந்தவள் நிமிரவில்லை.
"பத்து மணிக்கு ஊத்துனேன் சிஸ்டர்.
அப்பால ஏறவே இல்ல, பாரு."
அறுபது மில்லி. நூறு தாண்டியிருக்க வேண்டும்.

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: பதின்மூன்று.
முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினேன்.
இன்னொரு தரம். மறுகால்.
பீடி சுற்றிக் காய்த்த விரல்கள் போர்வைமேல் கிடந்தன;
கால், பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான்.

சிரிஞ்சை ட்ரேயில் திருப்பி வைத்தேன்.
2.05. டோஸை நிறுத்தினேன். காரணம் மூன்று.
கீழே என் முழுப்பெயர், பதிவு எண்ணோடு.
கை நடுங்கவில்லை என்று சொன்னால் பொய்.

கால்சியம், வண்டியின் இரண்டாம் தட்டில்,
பகல் ஷிஃப்ட் ஜெபக்கனி சிவப்பு பிளாஸ்டர் ஒட்டி
யாருக்காகவோ வைத்துவிட்டுப் போனது.
உடைத்து நிரப்பினேன். ஏற்றவில்லை.
நிறுத்த என் கை போதும்.
ஏற்ற அவர் வாய் திறக்க வேண்டும்;
அந்த வாயோ தியேட்டரில், முகமூடிக்குள்,
இன்னொருத்தியின் திறந்த வயிற்றுக்கு மேலே.

தியேட்டர் சிஸ்டர் அவர் காதில் போனைப் பிடித்தாள்.
சொன்னேன். சக்ஷன் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு, "போடலையே?"
"போடலை சார்."
"நல்லது. கால்சியம், மெதுவா, பத்து நிமிஷம்.
பக்கத்துலயே நில்லுங்க."
நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ஐந்தரைக்கு, பேரணாம்பட்டு பஸ் ஹாரன் அடிக்கையில்
மறுபடி தட்டினேன்.
கால் எகிறி என் மணிக்கட்டை உதைத்தது.
"வாங்கிக்கினியா?" சிரித்தாள் தேசம்மா.

காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் எழுதினார்:
மருத்துவர் அறிவுரைப்படி 2.20க்கு நிறுத்தப்பட்டது.
அந்தப் பதினைந்து நிமிடத்தைத்
திருப்பிக் கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் என் கண் என் பதிவிலேயே விழுந்தது.
காரணம் மூன்று. பெயர் ஒன்று.

பேனாவைத் திறந்தேன்.
தேசம்மாவை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
அந்தத் தாளில் இல்லை.